ஆயிரத்து நூத்தி நாப்பத்தொண்ணாம் ஷீட்டு

வாங்க மேடம். கதவச் சாத்திருங்க, பூச்சி வந்துரும். இந்த ரூமுல ஜன்னலும் தெறக்கதில்ல, ஃபேனும் போடுததில்ல. அந்துருண்டை வாசத்துக்கு முதல்ல தல வலிக்கும், பெறவு பழகிரும். எனக்கு இருபத்தேழு வருஷமாப் பழகிட்டு. வீட்டுல சோத்தப் பெசஞ்சாலும் அந்துருண்டைதான் மணக்கு. என் வீட்டுக்காரி சொல்லுவா, உங்ககிட்ட கொசுகூட அண்டாதுன்னு. கேலிக்குத்தான் சொல்லுதா.

பேனாவ வெளிய பெஞ்சுல வச்சிட்டு வாங்க. உள்ள பென்சில் மட்டுந்தான். போர்டு மாட்டியிருக்கு பாத்தீங்கள்லா? டாக்டரம்மா காலத்துப் போர்டு.

கோயம்புத்தூர்லேர்ந்து லெட்டர் போட்டது நீங்கதானா? வயசாளியா இருப்பீங்கன்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. லெட்டர்ல அம்புட்டுக் கண்டிப்பு. ஆயிரத்து நூத்தி நாப்பத்தொண்ணாம் நம்பர் பெரணிச் செடி, செடியக் காய வச்சு ஒட்டுன எங்க கோயம்புத்தூர் ஷீட்டுல சேகரிச்சவங்க ரெண்டு பேரு, உங்க ஷீட்டுல ஒருத்தங்கதான், அந்த ஒருத்தங்களும் அந்தத் தேதிக்குப் பத்தொம்பது நாளைக்கு முன்னாலயே இறந்துட்டாங்க, விளக்கம் தேவைன்னு எழுதியிருந்தீங்க. எங்க தாளாளர் அத என் மேசையில போட்டுட்டு, "என்னய்யா கோமதிநாயகம், செத்தவங்கள மலையேத்தி விட்டுருக்க"ன்னாரு.

கோமதிநாயகம் நாந்தான். இங்க டெம்பரவரி. இருபத்தேழு வருஷமா டெம்பரவரி. வர்ற வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது, அதுல என்னைய நிரந்தரம் ஆக்குதாங்க. தாளாளர் வாய்விட்டே சொல்லிட்டாரு. அதனால இந்த விளக்கத்த நான் பாத்துத்தான் சொல்லணும், நீங்களும் பாத்துத்தான் கேக்கணும். உக்காருங்க.

டாக்டர் ஞானதீபத்தக் கீழ போட்டோவுல பாத்திருப்பீங்க. ஆம்பளக் கடிகாரம் கட்டியிருப்பாங்க. பூக்காத இனம்லா இந்தப் பெரணி, அதுல அவங்கள மிஞ்ச ஆளு கிடையாது, வெள்ளக்காரன் லெட்டர் போட்டுச் சந்தேகம் கேப்பான். இந்த ஊருக்கு நகராட்சித் தலைவராவும் மூணு வருஷம் இருந்தாங்க. நீங்க காலையில லாட்ஜுல குடிச்ச தண்ணி இருக்குலா, மலைத்தண்ணி, அது அவங்க கொண்டாந்தது. அந்தத் தேர்தல்ல எதிர்த்து நின்னவன் ஊர்ச் செவுத்துல எல்லாம் கண்டபடி எழுதிப் போட்டான். ரெண்டு பொம்பள ஒரு வீட்டுல என்ன குடும்பம் நடத்துதாங்கன்னு. கனியக்கா சுண்ணாம்பக் கரச்சிக்கிட்டு அழிக்கப் போனாங்களாம். டாக்டரம்மா விடல. "அழிக்காத கனி. எவன் எழுதுனான், எந்தத் தேதியில எழுதுனான்னு பின்னால வாரவனுக்குத் தெரியணும். நோட்டுல குறிச்சு வையி"ன்னாங்களாம். செவுத்துல எழுதுனதுக்கே நோட்டு!

அதான் கனியக்கா. மாரிக்கனி. உங்க ஷீட்டுல இருக்க ரெண்டாவது பேரு.

மலையடிவாரத்துக்காரங்க. செடிய வச்சு அழுத்துத பிரஸ்ஸு இருக்குலா, கனமா, அதத் தூக்கிட்டு வாரதுக்கு டாக்டரம்மா கூலிக்குக் கூப்பிட்டாங்க. அப்பம் கனியக்காவுக்கு இருபத்திரெண்டு வயசு, எழுத்து வாசன கிடையாது. ரெண்டு வருஷத்துல டாக்டரம்மா கண்ணுக்குப் படாத பெரணியெல்லாம் இவங்க கண்ணுக்குப் பட்டிருக்கு. லேபிள் எழுதுததுக்குன்னே டாக்டரம்மா எழுத்துச் சொல்லிக் கொடுத்தாங்க. முப்பத்தேழு வருஷம் ஒரே வீடு. ஒரே அடுப்பு. நாங்க எல்லாரும் துணைக்கு இருக்காங்கன்னுதான் சொல்லுவோம். தோழி. நானும் அப்படித்தான் சொல்லுதேன்.

நீங்க சிரிக்கீங்க. புரியுது மேடம். இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் பேரு வச்சிட்டீங்க. பெரணிக்கு வைக்க மாதிரி.

சரி, விஷயத்துக்கு வாரேன். இங்க ஒரு சட்டம் உண்டு, உங்களுக்கும் தெரியும். ஒட்டுன லேபிள எடுக்கப்படாது. செடிக்குத் தப்பான பேரு எழுதியிருந்தாலும் அத எடுக்கப்படாது, அது மேல ஒட்டவும் கூடாது. கீழ ஒரு சின்னச் சீட்டு எழுதி ஒட்டணும், திருத்தம் இன்னதுன்னு. எழுதுனவன் கையெழுத்துப் போட்டுத் தேதி போடணும். கையெழுத்து இல்லாத சீட்டு வெறும் காயிதம். நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கு டாக்டரம்மா முதல்ல சொன்ன பாடம் இதுதான். கனியக்கா பக்கத்துல நின்னு, "மறந்தீன்னா கைய ஒடிச்சிருவா"ன்னு சிரிச்சாங்க.

மறக்கல மேடம். தெரிஞ்சேதான் செஞ்சேன்.

போன வருஷம் டாக்டரம்மாவுக்கு நூற்றாண்டு விழா. தாளாளரு அவங்க தம்பி மகன்தான். என்னையக் கூப்பிட்டு, "லேபிளெல்லாம் மஞ்சளாப் போச்சு, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, எல்லாத்தையும் புதுசா எழுதி ஒட்டு"ன்னாரு. சரி சார்ன்னேன். "எழுதும்போது அத்தை பேர மட்டும் எழுதிக்கோ. கூட மூட்ட தூக்குனவங்க பேரெல்லாம் எதுக்கு?"ன்னாரு. கீழ கல்லு பதிச்சிருக்காங்க பாத்தீங்களா, 'வாழ்நாள் முழுவதும் தனித்து வாழ்ந்து அறிவியலுக்கே தம்மை அர்ப்பணித்தவர்'னு? கல்லுக்குத் தகுந்த மாதிரி லேபிள் இருக்கணும்லா. அந்தப் பேச்சோட பேச்சாத்தான் என் வேலையப் பத்தியும் சொன்னாரு. மெரட்டல. அன்பாத்தான் சொன்னாரு.

ஆயிரத்து நூத்தி நாப்பத்தொரு ஷீட்டு. பஞ்ச நனச்சு லேபிள் மேல அஞ்சு நிமிஷம் வைக்கணும், பெறவு மூலையிலேர்ந்து உரிக்கணும். கிழியாம வரும். எனக்கு அதுல கைப்பக்குவம் உண்டு. அழிக்கதெல்லாம் எனக்குப் புதுசு இல்ல.

அது வேற விஷயம். அந்தக் காலத்துல நானும் சேர்மதுரைன்னு ஒருத்தனும் ரூமு எடுத்துத் தங்கியிருந்தோம். பைண்டிங் பிரஸ்ல வேல பாத்தான். இங்க ஷீட்டுக்கு அட்டை வெட்டிக் கொடுக்க அவன்தான் வருவான், அப்படிப் பழக்கம். சாயங்காலம் சைக்கிள எடுத்துக்கிட்டு வந்து கீழ மணி அடிப்பான். டாக்டரம்மா மேல வரச் சொல்லி ரெண்டு பேருக்கும் டீ கொடுப்பாங்க. கனியக்கா அவனுக்கு மட்டும் சீனி கூடப் போடுவாங்க. எங்க ரூமுக் கதவுல சாக்பீசால ரெண்டு பேரும் பேரு எழுதியிருந்தோம். எனக்குப் பொண்ணு பேசி, பொண்ணு வீட்டுக்காரங்க ரூமப் பாக்க வாராங்கன்னதும் நான் ஈரத்துணிய வச்சு அழிச்சேன். அவன் பேர மட்டும். ஒரு ஆளு தங்குத ரூமுன்னு சொல்லியிருந்தோம், அதனால. அவன் கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தான். கல்யாணத்துல பந்திக்குச் சாம்பார் ஊத்துனான், சாயங்காலம் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான். சிநேகிதம்தான் மேடம், வேற ஒண்ணும் இல்ல. அழிக்கத பத்திப் பேச்சு வந்துச்சு, அதனால சொன்னேன்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், லேபிள். மூணு மாசம் ஆச்சு. முதல் நூறு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வளைஞ்ச குறி போடுவாங்கள்லா, இன்னாரும் இன்னாரும்னு, அது கையில தானா வரும். வந்ததக் கிழிச்சுப் போட்டுட்டுத் திரும்ப எழுதணும். நூறு தாண்டுன பெறவு கை பழகிட்டு. எழுதுததப் படிக்கதே இல்ல. உரிச்ச பழசெல்லாம் கேண்டீன் அடுப்புல போடச் சொன்னாரு, போட்டேன். ஒண்ணுகூட எடுத்து வைக்கல. எடுத்து வச்சிருப்பேன்னு நெனச்சுத்தான வந்தீங்க? இல்ல மேடம்.

தப்பு நடந்தது கடைசி ஷீட்டுல.

டாக்டரம்மா ஆகஸ்ட் நாலாந்தேதி இறந்தாங்க. குடும்பக் கல்லறையில வச்சாங்க. குடும்பத்தார்னு சர்ச்சுல பேரு வாசிச்சப்போ தம்பி மக்க வரைக்கும் வாசிச்சாங்க, கனியக்கா பேரு இல்ல. பின்னால, செருப்பு கெடக்க எடத்துல நின்னாங்க. வீட்ட ஒரு மாசத்துல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அந்த மாசத்துக்குள்ள ஒரு நாளு, இருபத்து மூணாந்தேதி, கனியக்கா தனியா மலைக்குப் போயிருக்காங்க. மறுநாளு பிரஸ்ஸத் தலையில தூக்கிட்டு இந்த ரூமுக்கு வந்தாங்க. காலெல்லாம் அட்டை கடிச்ச ரத்தம். தெறந்தா இந்தப் பெரணி. நீங்க இப்பம் உலகத்துல புதுசுன்னு எழுதப் போறீங்கள்லா, அதே பெரணி. லேபிளும் எழுதிக் கொண்டாந்திருந்தாங்க. நம்பர் ஆயிரத்து நூத்தி நாப்பத்தொண்ணு. சேகரிச்சவங்கன்னு ரெண்டு பேரு.

நான் மெள்ளச் சொன்னேன், "அக்கா, டாக்டரம்மா இப்பம்..."

"எனக்குத் தெரியாதால?"ன்னாங்க. "போன வருஷம் கீழ நின்னு இதக் கண்டுபிடிச்சது அவ. இலைக்கு அடியில வித்து இன்னும் வைக்கல, அடுத்த ஆவணிக்கு எடுப்போம் கனின்னா. ஆவணி வந்துட்டு, எடுத்துட்டேன். அவ பேரில்லாம எப்படி எழுத?"

அந்த லேபிளத்தான் ஒட்டினேன். ரெண்டு ஷீட்டு போட்டோம். ஒண்ணு இங்க, ஒண்ணு உங்க ஊருக்கு.

இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அதே கையால உரிச்சு, படிக்காம, மாரிக்கனிய விட்டுட்டு மத்தத அப்படியே எழுதிட்டேன். செத்துப் பத்தொம்பது நாளான டாக்டரம்மா ஒத்தையில மலையேறிப் பெரணி புடுங்கிட்டு வந்துட்டாங்க. அதான் மேடம் விளக்கம்.

உங்க லெட்டர் வந்த பெறவு தாளாளர் ரொம்ப நேரம் யோசிக்கல. "ஆகஸ்டை ஜூலைன்னு ஆக்கு. கோயம்புத்தூர்க்காரங்க தப்பா எழுதி வச்சிருக்காங்கன்னு சொல்லிருவோம்"ன்னாரு. நான் ஒரு வார்த்த வாயத் தெறந்தேன். "சார், கனியக்கா பேரையும் ஒரு சீட்டுல..."ன்னேன். அவரு நிமிந்து என்னையவே பாத்தாரு. "உனக்கு ஏன்யா இதுல இம்புட்டுக் கரிசனம்?"

அம்புட்டுதான். வேலையப் பத்திப் பேசல, கோவப்படல. அந்த ஒரு கேள்விதான். எனக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். உனக்கு ஏன் கரிசனம்னு நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்ல? இருந்தாத்தான சொல்லதுக்கு? ஒண்ணுமே இல்லாததுக்கு எங்கேர்ந்து பதில் வரும்? இல்ல சார், சும்மாதான் சார்னுட்டு வந்துட்டேன்.

ஜூலை இன்னும் எழுதல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதணும். நீங்க மூணு மணி பஸ்சுன்னு சொன்னதால நாலு மணிக்கு எழுதலாம்னுதான் காலையில வரும்போது நெனச்சேன். பொய் சொல்லல.

முந்தாநாளு நடந்ததச் சொல்லிருதேன். நீங்க வர்றதுக்கு முன்னால அவங்க வரணும்னு இருந்திருக்கு.

பதினோரு மணி இருக்கும். கதவத் தட்டுத சத்தம். தெறந்தா கனியக்கா. எம்பத்திநாலு வயசு, கையில கம்பு, தேரடியிலேர்ந்து பஸ்சுல வந்திருக்காங்க. அங்க அக்கா மகன் வீட்டுல இருக்காங்க. நூற்றாண்டு விழாவுக்கு யாரும் கூப்பிடல, யாரோ வீட்டுல பழைய பேப்பர்ல பாத்திருக்காங்க. "அவ செடியெல்லாம் காட்சிக்கு வச்சாங்களாம்லா? எனக்குக் கடைசி ஷீட்டக் காட்டுல, போயிருதேன்"ன்னாங்க.

காட்ட முடியாதுன்னு சொல்லலாம். சாவி இல்லன்னு சொல்லலாம். எத்தன பொய் சொல்லிருக்கேன், அன்னைக்கு ஒண்ணும் வரல. எடுத்து மேசையில வச்சேன். இதே மேசைதான், நீங்க கை வச்சிருக்க எடந்தான். கண்ணாடிய மாட்டிக்கிட்டு முதல்ல செடியப் பாத்தாங்க. இலை நுனிய விரலால தொடாம மேலாக்கத் தடவுனாங்க. பெறவு லேபிள். எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. திரும்ப ஒருவாட்டி படிச்சாங்க.

"ஏல கோமதி"ன்னாங்க. "இவ ஒத்தையிலயா போனா?"

நான் ஷீட்டு மூலைய மேசை ஓரத்துக்கு நேரா இழுத்து வச்சேன்.

"அது வழுக்குப் பாறைல்லா. நான் கீழ நின்னு இடுப்பப் புடிக்காம ஒரு அடி ஏற மாட்டாளே. அட்டைக்குப் பயப்படுவா, உப்பு மூட்டைய நாந்தான வச்சிருப்பேன். செத்த பெறவு என்னைய விட்டுட்டு ஒத்தையில எப்படி ஏறுனா?"

கிண்டலாச் சொல்லுதாங்களா, அழுவுதாங்களான்னு எனக்குத் தெரியல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. "ஒரு பேனா இருந்தாக் கொடேன்"ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா மேடம்? "அக்கா, இங்கன பேனா கூடாது, பென்சில்தான்"ன்னேன். அவங்க போர்டப் பாத்தாங்க. "அது நான் மாட்டுன போர்டுல்லா"ன்னாங்க. சிரிச்சாங்க. பெறவு பென்சில்கூடக் கேக்கல. என் சட்டப் பையில பேனா இருந்துச்சு. இந்தா, இதே பேனாதான். ஜூலைன்னு எழுதுததுக்காக உள்ள கொண்டு வந்த பேனா.

வாசல் வரைக்கும் கூடப் போனேன். படியில கம்ப ஊனிக்கிட்டுத் திரும்பி நின்னாங்க. சரி, இப்பம் கேப்பாங்க, என் பேரு எங்கலேன்னு கேப்பாங்கன்னு பதில் தயாரா வச்சிருந்தேன். லேபிளு சின்னது அக்கா, எடம் பத்தலன்னு. அவங்க அதக் கேக்கவே இல்ல.

"அந்தப் பையன் சேர்மதுரை எங்கல இருக்கான்?"ன்னாங்க.

"தெரியாதுக்கா"ன்னேன்.

என் மூஞ்சியவே பாத்தாங்க. "நல்ல பையன்ல"ன்னாங்க. மெள்ள எறங்கிப் போயிட்டாங்க.

தெரியாதுன்னது பொய். தேரடிக்கு முந்துன ஸ்டாப்புல பைண்டிங் கடை வச்சிருக்கான். அவன் பேருலயே போர்டு, பச்சப் பெயிண்ட்டு. கல்யாணம் கட்டல. தெனமும் அந்த வழியாத்தான் பஸ்சுல வாரேன். கடை எடதுபக்கம், நான் எப்பவும் வலதுபக்கம் உக்காருவேன். வலதுபக்கம் எடமில்லன்னா நின்னுக்கிட்டு வருவேன். பழக்கம் அப்படி ஆயிட்டு. அது வேற விஷயம்.

மேடம், மணி என்ன? ரெண்டே முக்காலா?

அந்த டிராயர்ல வெள்ளச் சீட்டு இருக்கும், ஒண்ணு எடுங்க. நீங்க எழுத வேண்டாம். நீங்க எழுதுனா செல்லாது, மாத்துனவன் எழுதணும். பேனா கூடாதுதான். பரவால்ல, இன்னைக்கு ஒரு நாளு.

திருத்தம். சேகரித்தவர்கள் ஞானதீபம்... இந்தா, குறி தானா வருது பாத்தீங்களா... மாரிக்கனி. தேதி ஆகஸ்ட் இருபத்து மூணு, சரியானதே. பழைய லேபிளை எடுத்தவன் நான். கோமதிநாயகம். எழுத்துக் கோணுது, முத்து முத்துன்னு இதத்தான் சொன்னாங்க பாருங்க. பசை நல்லா இழுத்திருக்கு, இனி உரியாது. உரிக்கணும்னா என்னையத்தான் கூப்பிடணும். நான் வர மாட்டேன்.

போட்டோ எடுத்துக்கோங்க. சீக்கிரம் எடுங்க, நான் மனசு மாறுத ஆளு. போட்டோவுல என் கை விழுந்தா விழட்டும்.

வெள்ளிக்கிழமை என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். உனக்கு ஏன்யா கரிசனம்னு அவரு கேட்டா, ரூல்ஸ் சார்னு சொல்லிருவேன். லேபிள எடுக்கப்படாதுன்னு ரூல்ஸ் இருக்குலா, அதனாலன்னு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேன். மிச்சம் ஆயிரத்து நூத்தி நாப்பது ஷீட்டு கெடக்கு. என்னைய வெளிய அனுப்புததுக்குள்ள எத்தன சீட்டு ஒட்ட முடியுதோ ஒட்டுதேன்.

பஸ்சுக்கு நேரமாச்சு. நீங்க ஒரு காரியம் பண்ணணும். தேரடி போற வழிதான், எறங்கிக் கனியக்காகிட்ட அந்த போட்டோவக் காட்டிட்டுப் போங்க. பேருக்குப் பக்கத்துல பேரு இருக்குன்னு காட்டுங்க.

அப்படியே, சேர்மதுரை தேரடிக்கு முந்துன ஸ்டாப்புலதான் கடை வச்சிருக்கான், நல்லா இருக்கான்னு சொல்லுங்க. யாரு சொன்னான்னு கேப்பாங்க. போர்டப் பாத்தேன்னு சொல்லிருங்க மேடம். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.